கலங்கரை விளக்கத்தின் மேல் ஒரு கோடிச் சேலை

சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போகிற வழியில் கலங்கரை விளக்கத்தில் ஏறி வேடிக்கை பார்த்தவன் யார் என்று ராஜபாளையத்தில் விசாரித்தால், நேரே எங்கள் தெருவுக்குக் கை காட்டுவார்கள். அது நான்தான். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது இறந்து வேன் பிடித்தால், ஏறும்போதே ஒருவர் கேட்பார்: "கோடி யாரு கையில இருக்கு?" இன்னொருவர், "சங்கரன் கையில இல்ல, பயப்படாதீய" என்பார். அந்தத் துக்கத்திலும் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். அழுதால் அதற்கும் ஒரு கதை கட்டிவிடுவார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு வயது இருபத்துநாலு. ஊரில் ஒரு பஞ்சாலையில், டைம் ஆபீஸில் வேலை. சங்கு ஊதி ஐந்து நிமிடம் கழித்து வருகிறவன் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு சுழி போடுவது என் உத்தியோகம். ("அஞ்சு நிமிசம்தான சார்" என்று கெஞ்சுகிறவர்களிடம், "அஞ்சு நிமிசத்துல என்னென்னமோ நடந்துரும்யா" என்று நான் வசனம் பேசுவது வழக்கம். பின்னால் அதை எனக்கே திருப்பிச் சொன்னார்கள்.) வார லீவு வந்தால், மூன்று கை மாறி என்னிடம் வந்து சேர்ந்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய கட்டடம் பார்க்கக் கிளம்பிவிடுவேன். என் வயதுப் பையன்கள் பிளவக்கல் அணைக்குக் குளிக்கப் போனார்கள், சினிமாவுக்குப் போனார்கள், சிலர் துணிந்து காதலிக்கவும் செய்தார்கள். நான் இடிந்த கோட்டை, பாழடைந்த மண்டபம், ஜமீன் பங்களா, வெள்ளைக்காரன் கட்டிய பாலம் என்று அலைந்தேன். கடற்கரைப் பக்கம் போனால் கலங்கரை விளக்கம். தமிழ்நாட்டில் இருக்கிற அத்தனை கலங்கரை விளக்கத்திலும் ஏறிவிடுவது என்று ஒரு சபதம் வேறு செய்திருந்தேன். செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

இதற்கென்று நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தேன். பக்கத்துக்கு மூன்று கட்டம்: ஊர், கட்டடம், ஏறியாச்சா. ஏறியிருந்தால் மூன்றாவது கட்டத்தில் ஒரு டிக். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த டிக்கில் பாதி பொய். போன இடம் பூட்டிக் கிடந்தால் வெளியே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு டிக் போட்டுவிடுவேன். எத்தனை படி என்று ஊரில் யாராவது கேட்டால், "நூத்திச் சொச்சம்" என்பேன். எந்தக் கலங்கரை விளக்கத்துக்கும் அந்தப் பதில் பொருந்தியது. இப்படி அலைந்ததில் வீட்டில் எனக்கு 'வழி தெரிஞ்ச பய' என்று பெயர் கிடைத்தது. யாருக்கு எந்த ஊர் போக வேண்டுமென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் தெரியாத ஊருக்கும் சேர்த்து வழி சொல்வேன்.

இந்தக் கதையில் வருகிற கலங்கரை விளக்கம் என் அத்தை ஊரில் இருந்தது. பேச்சியத்தை அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. திருச்செந்தூருக்குத் தெற்கே, உப்பளம் சூழ்ந்த ஒரு சின்ன ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே என்னை அடையாளம் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) அத்தை வீட்டு வாசலில் நின்றால் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் கலங்கரை விளக்கம் நெட்டுக்குத்தாக நிற்கும். எட்டிப் பிடிக்கலாம் போலத் தெரியும். ஆனால் குறுக்கே பாத்தி பாத்தியாக உப்பளம் கிடப்பதால் ரோட்டைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் போக வேண்டும்.

அந்த ஊருக்கு நான் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அத்தையைப் பார்க்கப் போகவில்லை. முதல் தடவை காலை பத்து மணிக்குப் போனால், கலங்கரை விளக்கத்தின் காம்பவுண்டு கேட் சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் போன ஆட்களிடம் எப்போது திறக்கும் என்று கேட்டிருக்கலாம். வழி தெரிந்த பயல் போய் யாரிடம் கேட்பான்? டிக் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு அத்தை வீட்டில் போய் நின்றேன்.

"ஏறிப் பாத்தியாலே? எங்க வீடு தெரிஞ்சுதா?" என்று அத்தை ஆவலாகக் கேட்டாள்.

"எல்லாம் ஓட்டு வீடா இருந்துச்சு அத்தை. எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியல."

மறு வருடம் போனபோது அத்தை முன்னேற்பாடாக இருந்தாள். "இந்தத் தடவ நான் பின்னால துணி காயப் போடுத எடத்துல நின்னு முந்தானைய ஆட்டுதேன். தெரியுதான்னு மட்டும் பாத்து வந்து சொல்லு" என்றாள். போனேன். அன்றைக்கும் கேட் சாத்தியிருந்தது. உடனே திரும்பினால் சந்தேகம் வரும் என்று ரோட்டு வளைவில் இருந்த பெட்டிக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு கலர் சோடா குடித்தேன். திரும்பி வந்து பார்த்தால், அத்தை இன்னும் பின்பக்கத்து வெயிலில்தான் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் கறுத்துச் சிவந்திருந்தது.

"தெரிஞ்சனா?"

"நல்லாத் தெரிஞ்சீய அத்தை. முந்தானைய ஆட்டுனது, பக்கத்துல கோழி மேஞ்சது எல்லாம் தெரிஞ்சுது." (கோழி என் சொந்தக் கைச்சரக்கு. பொய்யில் இப்படி ஒரு நுணுக்கம் வைத்தால் நம்புவார்கள் என்று எனக்கு எண்ணம்.)

அத்தை என்னையே செத்த நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கிளம்பும்போது ஒரு பொட்டலம் கருப்பட்டி கொடுத்தாள். "இந்த வெளக்குக்குக் கீழ வந்து இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. ஒரு நா என்னையவும் மேல கூட்டிட்டுப் போலே" என்றாள். "அடுத்த தடவ கண்டிப்பா அத்தை" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.

அடுத்த தடவை நான் போனது அத்தையின் சாவுக்கு.

ஐப்பசி மாதம். நாலு நாளாக வெயிலே இல்லாமல் வானம் மூடிக் கிடந்தது. காலை ஏழு மணிக்கு முக்குக் கடைக்குப் போன் வந்தது. பேச்சியம்மாள் தவறிவிட்டாள், மூன்று நாள் காய்ச்சல், சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பு. அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்ன பிறகும் வாய் கொப்பளிக்காமல் பல்பொடியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாயைத் திறக்காமல் அழுதார்.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். உடன்பிறந்தவன் அந்தப் புதுச் சேலையைப் போர்த்தாமல் அவளைத் தூக்க மாட்டார்கள். மழை வந்தாலும் பொழுது சாய்ந்தாலும் காத்துக் கிடப்பார்கள். நேரத்துக்குக் கோடி வராவிட்டால், 'பொறந்த எடத்துல அவளுக்கு ஆள் இல்ல' என்று ஒரு சொல் விழும். பெண்ணுக்குச் செய்கிற கடைசி மரியாதை அது. அது கெட்டுப்போனால் சரிபண்ணுவதற்கு அவளும் இருக்க மாட்டாள்.

கோடி போர்த்த வேண்டியவர் மூத்தவரான பெரியப்பா. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். வேனை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியப்பாவையும் கோடியையும் கூட்டி வரும் பொறுப்பு, வழி தெரிந்த பயல் என்பதால் எனக்கு வந்தது. வேன் ஓட்டியவர் காதர் பாய், எங்கள் தெருக்காரர், நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் வண்டிதான். ஜவுளிக்கடைக்காரர் சாவு என்றதும் நேரத்தோடு கடையைத் திறந்துவிட்டார். அத்தை சுமங்கலியாகப் போனதால் பெரியப்பா சிவப்பில் ஒரு சேலை எடுத்தார். பிறகு, "குளிச்சிட்டு வந்துருதேன்" என்று உள்ளே போனார்.

பெரியப்பா குளிக்கிற நேரத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. நடந்து போகிற தூரத்தில் நாயக்கர் காலத்து அரண்மனை இருந்தது. அதன் தூண்களை எண்ண வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது, அதனால் மூன்றாம் தடவையும் எண்ணினேன். திரும்பி வந்தால் பெரியப்பா ஈரத் தலையோடு வேனுக்குள் உட்கார்ந்திருக்கிறார். காதர் பாய் ஆரன் அடித்து அடித்து ஓய்ந்துபோயிருந்தார்.

"சங்கரு, மவுத்துக்குப் போறோமா, டூருக்குப் போறோமா? தெளிவாச் சொல்லிரு" என்றார். அரை மணி நேரம் போயிருந்தது. சிவப்பு மையில் சுழி போட அங்கே யாரும் இல்லை.

ராஜபாளையத்தில் மற்றவர்கள் ஏறினார்கள். கோடியை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. பெரியப்பாவுக்குக் கை நடுக்கம். அப்பா எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை. என் சித்திதான் முடிவு செய்தாள். "சங்கரன்கிட்டக் குடுங்க. பொறுப்பான பய" என்று என் ஜோல்னாப் பைக்குள் சேலையை வைத்தாள். உள்ளே ஏற்கெனவே நோட்டு இருந்தது. "பாரு, கோடியக் கீழ வச்சிரக் கூடாது. எறங்குனா ஏறுனா தோள்லயே கெடக்கட்டும்" என்றாள். அன்றைக்கு எனக்குச் சொன்னவற்றில் நான் தவறாமல் கடைப்பிடித்தது இதை ஒன்றைத்தான். அதுதான் வினையாகவும் போயிற்று.

சங்கரன்கோவில், திருநெல்வேலி, திருச்செந்தூர் என்று வேன் போனது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவ்வப்போது "மணி என்ன?" என்று மட்டும் கேட்பார். நான் சொல்வேன். உப்பளம் தெரிய ஆரம்பித்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. சரியாகக் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, நான் கலர் குடித்த அதே வளைவில், எஞ்சின் கொதித்து ஆவி விட்டு வேன் நின்றது.

"எஞ்சின் ஆறி, தண்ணி ஊத்தினாத்தான் நகரும். இருபது நிமிசம் ஆகும்" என்றார் காதர் பாய். மூன்று கிலோமீட்டர்தான் மீதி. நடக்கலாம் என்றால் பெரியப்பாவால் முடியாது. காற்றில் கொட்டுச் சத்தம் வந்தது. அப்பா வேனை விட்டு இறங்கி அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் தண்ணி கொண்டு வாரேன்" என்று கேனை எடுத்துக்கொண்டு கலங்கரை விளக்கத்துப் பக்கம் ஓடினேன். அது வரைக்கும் நான் நல்லவன்தான்.

கேட் திறந்திருந்தது. உள்ளே கிணறு. தண்ணீர் இறைத்துக் கேனை நிரப்பி நிமிர்ந்தால், கேட்டுக்கு உள்பக்கச் சுவரில் ஒரு பலகை: பார்வையாளர் நேரம், மாலை மூன்று முதல் ஐந்து வரை. இரண்டு வருடமாக நான் காலையில் வந்து மூடிக் கிடந்த கேட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். அதே நேரம், காக்கிக் கால்சட்டை போட்ட பெரியவர் ஒருவர் சாவிக்கொத்தோடு வந்து கோபுரத்தின் இரும்புக் கதவைத் திறந்தார்.

"மேல போறீயளா தம்பி?"

'இல்லை, துஷ்டி வீட்டுக்குப் போறோம்' என்று சொல்ல வாய் வரவில்லை. எஞ்சின் ஆற எப்படியும் இருபது நிமிடம். ஏறி இறங்கப் பத்து நிமிடம். ஒரே ஒரு தடவை ஏறிவிட்டால் அத்தையிடம் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிடும் என்று ஒரு கிறுக்கு நியாயம் மனதுக்குள் ஓடியது. அவள் கேட்டதை அவளைத் தூக்குவதற்குள்ளாவது பார்த்துவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். இப்படியெல்லாம் இப்போது எழுதும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அதோடு சேர்ந்து நோட்டில் அந்த டிக்கை நிஜமாக்கும் ஆசையும் இருந்தது. கேனைக் கிணற்றடியில் வைத்துவிட்டுப் படியேறினேன். கோடி தோளில் கிடந்தது.

நூற்று முப்பத்தொரு படி. மேலே போய்க் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மேகம் தலையில் இடிக்கிற மாதிரி இறங்கியிருந்தது. கீழே உப்பளம் முழுக்க மழைத் தண்ணீர் நின்றது. அதற்கு அந்தப் பக்கம் ஊர். அத்தை வீடு தெரிந்தது. தேட வேண்டியிருக்கவில்லை, வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியே ஆட்கள் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். பாடைத் தேர் கட்டி முடித்து ஓரமாக வைத்திருந்தார்கள். எல்லோரும் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். அவர்கள் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பின்பக்கம் துணி காயப் போடுகிற இடத்தைத் தேடினேன். அது தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் பெரிய புன்னை மரம் ஒன்று படர்ந்து நின்று அந்த இடம் முழுவதையும் மறைத்திருந்தது. நான் பார்த்ததாகச் சொன்ன முந்தானையும் தெரிந்திருக்காது, கோழியும் தெரிந்திருக்காது. அங்கே நூறு பேர் நின்று கை ஆட்டினாலும் இங்கிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு இலை அசைவதுகூடத் தெரியாது. ஒரு தடவை மேலே ஏறிய எவனும் அப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருக்க மாட்டான்.

இவ்வளவு தெரிந்த பிறகாவது இறங்கினேனா என்றால், இல்லை. வெகு நேரம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து 'படி 131' என்று எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது, கீழே வேன் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான் என்று பிறகு சொன்னார்கள். என்னைக் காணாமல் தேடி வந்த காதர் பாய், கிணற்றடியில் நிரம்பிய கேனைப் பார்த்து எடுத்துப் போய் ஊற்றியிருக்கிறார். வண்டி கிளம்பிவிட்டது. நான் எங்கே என்று கேள்வி வந்தபோது சித்தி சொல்லியிருக்கிறாள்: "கோடி அவன்கிட்டல்லா இருக்கு. நேரமாயிரும்னு யாரு சைக்கிள்லயாவது ஏறி முன்னால போயிருப்பான். பொறுப்பான பய." என்னைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் நல்லவிதமாக நினைத்தது அதுதான் கடைசி.

நூற்று முப்பத்தொரு படியையும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கீழே கதவு சாத்தியிருந்தது. இழுத்தேன், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். "ஐயா! ஐயா!" என்று கத்தினேன். அந்தப் பெரியவர் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார் என்று முடிவு செய்து, மேலே நின்று கத்தினால் யாருக்காவது கேட்கும் என்று மறுபடியும் அத்தனை படியும் ஏறினேன்.

கத்தியதைக் காற்று கடல் பக்கம் கொண்டுபோய்விட்டது. வேன் அதற்குள் பந்தல் முன்னால் போய் நின்றிருந்தது. எல்லாம் தெரிந்தது, மேலே அடித்த காற்றில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. பெரியப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அப்பா கூட்டத்துக்குள் போய் யாரையோ கேட்டார். பிறகு இன்னொருவரைக் கேட்டார். வேனுக்கு ஓடி வந்து சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார். சித்தி எல்லோருடைய பைகளையும் தரையில் கொட்டித் தேடினாள். அப்பா நிமிர்ந்து, வெறும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பந்தலுக்கு முன்னால் நின்றார். தங்கச்சிக்குக் கோடி கொண்டு வராத அண்ணனாக, அத்தனை பேர் முன்னாலும் நின்றார். என் தோளில் அந்தப் பை கிடந்தது.

வேறு எதுவும் தோன்றவில்லை. சேலையை எடுத்து உதறி, ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பிக்கு வெளியே வீசி ஆட்டினேன். அந்த மூட்டத்தில் சிவப்புச் சேலை தெரியாமல் இருக்குமா? முதலில் ஒருவன் கையை நீட்டினான். பிறகு இரண்டு பேர். பிறகு மொத்தப் பந்தலும் திரும்பி அண்ணாந்து பார்த்தது. கொட்டு அடித்தவர்களும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள் (அது பிறகு தெரிந்தது). சாவு வீட்டில் பிணத்தை விட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே ஆட்டினேன். காற்று ஒரு வாங்கு வாங்கியதில் சேலை கம்பியில் துருத்தியிருந்த ஒரு போல்ட்டில் மாட்டி, கிழிகிற சத்தம் கேட்டது. அது மட்டும் நன்றாகக் கேட்டது.

பந்தலிலிருந்து ஒரு ஆள் மொபெட்டில் வந்தார். அதற்குள் நான் கீழே வந்து மறுபடியும் கதவை இழுத்துக்கொண்டிருந்தேன். கதவு வெளியிலிருந்து மெதுவாகத் திறந்தது. சாவிக்கொத்துப் பெரியவர் நின்றார். அவர் எங்கேயும் போகவில்லை, கொல்லைப் பக்கம் விறகை மழைக்கு மூடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"காத்துக்கு அடிச்சிருக்கு. பூட்டலியே தம்பி. இது வெளிய தள்ளுத கதவுல்லா" என்றார்.

மொபெட்டில் போய் இறங்கியபோது மணி நாலே கால். கூட்டம் விலகி வழி விட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெரியப்பா சேலையை வாங்கிப் பிரித்தார். நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல், பக்கத்தில் கிரீஸ் கறை. கோடி என்றால் கசங்காமல் புதிதாக இருக்க வேண்டும். அப்பா அதை வாங்கினார். கிழிசலும் கறையும் உள்ளே போகும்படி நீளவாக்கில் மடித்து, தங்கச்சியின் முகத்துக்கு நேராக நல்ல பக்கம் வருகிற மாதிரி பார்த்துப் பெரியப்பாவிடம் திருப்பிக் கொடுத்தார். பெரியப்பா போர்த்தினார். தேர் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் முன்னால் எடுத்திருந்தால் அத்தை நனையாமல் போயிருப்பாள்.

துஷ்டி வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. அதனால் மாமாவிடம் அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அந்த முறை ஒரு வசதியாக இருந்தது. திரும்பி வருகிற வழி முழுக்கச் சித்தி பேசிக்கொண்டே வந்தாள். அப்பா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தார். மறுநாள் நான் மில்லுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போனேன். செய்தி எனக்கும் முன்னால் போயிருந்தது.

பதினாறாம் நாளுக்குத் தனியாகப் பஸ்ஸில் போனேன். சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு மாமா வீட்டுக்குப் பின்னால் புன்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மாமாவுக்கு உப்பளத்தில் வேலை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். பார்த்த கட்டடத்தையெல்லாம் யார் கட்டினார்கள் என்று விசாரித்து நோட்டில் எழுதியவன், மழைக்காலத்தில் உப்பளம் ஓய்ந்தால் மாமா என்ன செய்வார் என்று கேட்டதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மாமா, நான் அத்தைகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"மரம் மறைக்கும்லா?" என்றார் மாமா.

நான் அண்ணாந்து அந்தப் புன்னை மரத்தைப் பார்த்தேன்.

"உப்பு ஓஞ்சா நான் அந்த வெளக்குக்குப் பெயிண்ட் அடிக்கத்தான போவேன் மாப்ள. நீ வந்துட்டுப் போன அன்னைக்கே அவ கேட்டா, அங்கன இருந்து பாத்தா பின்வாசல் தெரியுமான்னு. தெரியாதுட்டி, புன்னை மறைக்கும்னேன். விழுந்து விழுந்து சிரிச்சா. பொறவு சொன்னா, 'பாவம், வெயில்ல வந்த புள்ள, பூட்டுன கேட்டப் பாத்துட்டு வந்திருக்கான். கேட்டா மொகம் சுண்டிப் போவும், நீங்க ஒண்ணும் கேக்காதீய'ன்னா." மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். "அடுத்த தடவ வந்தா மூணு மணிக்கு வரச் சொல்லணும், நானும் கூடப் போவணும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீ வரக் காணும்."

நான் மட்டும் அன்றைக்கு, 'பூட்டியிருந்துச்சு அத்தை' என்று இரண்டு வார்த்தை உண்மை பேசியிருந்தால், 'மூணு மணிக்குத்தான்லே தொறப்பான்' என்று அவளே சொல்லியிருப்பாள். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து ஏறியிருப்போம். இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் அறுபதாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, என்னைத் திட்டிவிட்டு, மறுபடி ஏறுகிறாள்.

நோட்டை அதன் பிறகு எழுதவில்லை. ஊர் சுற்றுவதை நிறுத்தவும் இல்லை, அந்த அளவுக்கு எனக்கு ரோஷம் கிடையாது. கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இன்றும் நான் பழைய கட்டடம் பார்க்க வண்டியை எடுத்தால், சித்தி பரப்பிய கதையைக் கேட்டு வளர்ந்த மொத்தக் குடும்பமும் வாசலுக்கு வந்துவிடும். யாராவது ஒரு சிவப்புத் துண்டையோ சேலையையோ எடுத்து உயரத் தூக்கி ஆட்டுவார்கள். "தெரியுதாப்பா? கோழி தெரியுதா?" என்று கத்துவார்கள். தெரு முழுக்கச் சிரிப்பார்கள். (கோழியை அவர்களிடம் சொன்னதும் நான்தான்.)

முன்பெல்லாம் திரும்பாமலே "தெரியுது, தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, இறங்கி, திரும்பிப் பார்க்கிறேன். யார் யார் நிற்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், தெரிகிறது என்று.